அப்போது வாழ்வில் என்ன நடந்தது? மனச்சோர்வைத் தீர்க்கும் உறவுநிலை உளச்சிகிச்சை

மனச்சோர்வு ஒரு மனிதருக்குள்ளே நிகழும் நோய்தான் என்றாலும், அது தொடங்கிய காலத்தையும் சூழலையும் கூர்ந்து பார்க்கும்போது, அந்த மனிதருக்கும் அவரைச் சுற்றியிருப்போருக்கும் இடையில் ஏதோ ஒன்று முறிந்தோ, மாறியோ, இல்லாமல் போயோ இருப்பதைப் பெரும்பாலும் காண முடிகிறது. நெருங்கியவர் ஒருவர் இறந்திருக்கலாம். கணவன் மனைவிக்குள் பேச்சு அற்றுப்போயிருக்கலாம். வேலையோ ஊரோ மாறியிருக்கலாம். மனம்விட்டுப் பேச ஒருவரும் இல்லாமல் ஆண்டுகள் கழிந்திருக்கலாம். நோய் தொடங்கிய நாளுக்கும் இத்தகைய நிகழ்வுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்து, அந்த ஒரு முடிச்சை அவிழ்ப்பதன் வழியாகவே நோயைத் தணிக்க முயலும் சிகிச்சை முறைக்கு உறவுநிலை உளச்சிகிச்சை என்று பெயர். ஆங்கிலத்தில் ‘இன்டர்பெர்சனல் சைக்கோதெரபி’ எனப்படும் இதை மருத்துவர்கள் ஐ.பி.டி. என்று சுருக்கி வழங்குகின்றனர்.

மனச்சோர்வு என்ற சொல் இங்கே எதைக் குறிக்கிறது என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பேச்சுவழக்கில் ‘டிப்ரஷன்’ என்றும், சில வேளைகளில் ‘மன அழுத்தம்’ என்றும் சொல்லப்படும் இந்த நோய், வேலைப்பளுவால் உண்டாகும் இறுக்கத்திலிருந்தும், ஓரிரு நாளில் ஆறிவிடும் வருத்தத்திலிருந்தும் வேறானது. குறைந்தது இரண்டு வாரங்களுக்கு நாளின் பெரும்பகுதியும் மனம் கனத்துக் கிடப்பது, முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போவது, அவற்றோடு தூக்கமும் பசியும் கெடுவது, உடல் தளர்வது, கவனம் சிதறுவது, தான் எதற்கும் உதவாதவர் என்ற குற்றவுணர்வு அரிப்பது, சாவைப் பற்றிய எண்ணம் அடிக்கடி வருவது போன்ற அறிகுறிகள் சேரும்போதுதான் மருத்துவர்கள் அதை நோய் என்று கணிக்கின்றனர். 2019இல் உலகில் சுமார் 28 கோடிப் பேர் இந்த நோயோடு வாழ்ந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

வேர்கள்

இச்சிகிச்சைக்கு அடிப்படையான கருத்து ஒரே நாளில் தோன்றியதன்று. மனநோயை மனிதருக்கும் அவருடைய சூழலுக்கும் இடையிலான உறவில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மனநல மருத்துவர்களான அடால்ஃப் மேயரும் ஹாரி ஸ்டாக் சல்லிவனும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வலியுறுத்தினர். தாய்க்கும் சேய்க்கும் இடையே உருவாகும் பிணைப்பே பிற்கால உறவுகளுக்கெல்லாம் அச்சாக அமைகிறது என்றும், அந்தப் பிணைப்பு அறுபடும்போது எழும் துயரம் மனித இயல்பின் பகுதியே என்றும் இங்கிலாந்தின் ஜான் பௌல்பி விளக்கினார். பிறகு, ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் தெற்கு லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடையே நடத்தி 1978இல் நூலாக வெளியிட்ட ஆய்வு, பெரும் இழப்பையோ நெருக்கடியையோ சந்தித்த பெண்களுள், மனத்தில் உள்ளதைக் கொட்டிப் பேச நெருங்கிய துணை இல்லாதவர்களே மனச்சோர்வுக்கு எளிதில் ஆளாகின்றனர் என்பதைக் காட்டியது. துக்கத்தைப் பகிர்ந்துகொள்ள ஆள் இருந்தால் அது பாதியாகும் என்று வீடுகளில் சொல்லப்படும் அனுபவ உண்மைக்கு இந்த ஆய்வு அறிவியல் சான்று தந்தது எனலாம்.

பிறந்த கதை

ஐ.பி.டி. புதியதொரு சிகிச்சையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற நோக்கத்தில் பிறந்ததன்று. ஒரு மருந்தாய்வின் துணைக்கருவியாகவே அது உருவானது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1969இல் ஜெரால்ட் கிளர்மன் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும், அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையால் மனச்சோர்விலிருந்து மீண்டவர்களுக்கு நோய் திரும்பாமலிருக்க மருந்தை எவ்வளவு காலம் தொடர வேண்டும் என்பதை ஆராயத் தொடங்கினர். நடைமுறையில் நோயாளிகள் மாத்திரையை மட்டும் வாங்கிச் செல்வதில்லை, மருத்துவமனையில் யாரிடமாவது பேசவும் செய்கின்றனர் என்பதால், அந்தப் பேச்சின் பங்கையும் அளந்துவிட வேண்டும் என்று கிளர்மன் கருதினார். அளக்க வேண்டுமானால், எல்லாச் சிகிச்சையாளரும் ஒரே முறையில் பேச வேண்டும். ஒரே முறையில் பேச வேண்டுமானால், அந்த முறை எழுத்தில் இருக்க வேண்டும். அக்காலத்தில் சமூகப் பணியாளராக இருந்து, பிறகு நோய்ப்பரவலியலில் முனைவர் பட்டம் பெற்ற மைர்னா வைஸ்மன் இப்பணியில் கிளர்மனுடன் இணைந்தார். தொடக்கத்தில் இதற்குத் தனிப்பெயர்கூட இல்லை. ஆய்வேடுகளில் ‘மிகுந்த தொடர்பு’ என்றே குறிக்கப்பட்டது.

மருந்து நோய் திரும்புவதைத் தடுத்தது என்பதும், பேச்சு குடும்பத்திலும் சமூகத்திலும் நோயாளி மீண்டும் இயல்பாக இயங்க உதவியது என்பதும் அந்த ஆய்வின் முடிவுகளாயின. ஒன்று மற்றொன்றின் வேலையைக் கெடுக்கவில்லை. மருந்தா, பேச்சா என்று உளவியல் உலகம் இரண்டு முகாம்களாகப் பிரிந்து நின்ற காலத்தில், இரண்டும் தத்தம் வேலையைச் செய்கின்றன என்று சான்றோடு சொன்னதே ஐ.பி.டி.யின் முதல் பங்களிப்பு. அதன் வழிகாட்டி நூல் 1984இல் வெளிவந்தது. 1989இல் வெளியான அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் பெரிய ஆய்வில் 250 நோயாளிகள் குலுக்கல் முறையில் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவினருக்கு ஐ.பி.டி.யும், இன்னொரு பிரிவினருக்குத் தவறான எண்ண ஓட்டங்களைத் திருத்தும் அறிதல் நடத்தைச் சிகிச்சையும், மூன்றாம் பிரிவினருக்கு இமிப்ரமின் மாத்திரையும், நான்காம் பிரிவினருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் 16 வாரங்களுக்கு வழங்கப்பட்டன. நோய் கடுமையாக இருந்தவர்களிடத்தில் இமிப்ரமின் மிகத் தெளிவான பலன் தந்தது, ஐ.பி.டி.யும் வெற்று மாத்திரையைவிட மேலானது என்பதற்கான சான்றுகள் கிடைத்தன. அதன் பிறகே இச்சிகிச்சை ஆய்வுக்கூடத்திலிருந்து மருத்துவமனைகளுக்குப் பரவத் தொடங்கியது.

நான்கு வாசல்கள்

மனித உறவுகளின் சிக்கல்கள் எண்ணற்றவை என்றாலும், மனச்சோர்வோடு பிணைந்து வருபவற்றை ஐ.பி.டி. நான்கு வகையாகத் தொகுத்துக்கொள்கிறது. முதலாவது இழப்புத் துயர்: நேசித்த ஒருவரின் இறப்புக்குப் பின் எழும் துயரம் இயல்பாக ஆறாமல், மாதங்கள் கடந்தும் உறைந்து நிற்பது. அழ வேண்டிய நேரத்தில் அழ முடியாமல் போனவர்களிடமும், இறந்தவர் மீது அன்போடு மனத்தாங்கலும் கொண்டிருந்தவர்களிடமும் இத்தகைய உறைவு அதிகம் காணப்படுகிறது. இரண்டாவது உறவுப் பிணக்கு: கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளைகள், மாமியார் மருமகள், மேலதிகாரி ஊழியர் என்று நெருங்கிப் பழகும் இருவர், ஒருவரிடமிருந்து மற்றவர் எதிர்பார்ப்பதில் ஒத்துப்போகாமல் இருப்பது. மூன்றாவது வாழ்நிலை மாற்றம்: திருமணம், மகப்பேறு, பணி ஓய்வு, வேலையிழப்பு, மணமுறிவு, புலம்பெயர்வு, தீராத நோய் போன்றவற்றால் பழைய வாழ்க்கை முடிந்து புதிய வாழ்க்கை பிடிபடாமல் இடையில் தத்தளிப்பது. பிறர் வாழ்த்துச் சொல்லும் மாற்றங்களும் இதில் அடங்கும் என்பது கவனிக்கத்தக்கது. பதவி உயர்வும் தலைப்பிரசவமும் மகிழ்ச்சிக்குரியவை என்று ஊரே சொல்லும்போது, அவற்றால் இழந்ததைப் பற்றி வருந்தக்கூட உரிமையில்லாதவராக நோயாளி தம்மை உணர்கிறார். நான்காவது உறவு வறுமை: மேற்சொன்ன மூன்றும் இல்லாமலேயே, நெருக்கமான உறவுகளை உண்டாக்கவோ காப்பாற்றவோ இயலாமல் நீண்ட காலமாகத் தனித்திருப்பது.

இந்த நான்கில் ஒன்றை, மிகுந்தால் இரண்டை மட்டுமே சிகிச்சை எடுத்துக்கொள்கிறது. நோய்க்கு இதுதான் காரணம் என்று ஐ.பி.டி. அடித்துச் சொல்வதில்லை, மரபணு, உடல்நலம், இளமைக்கால அனுபவம் எனப் பல காரணங்கள் இருக்கக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டு, அவற்றுள் இன்றைக்கு மாற்றக்கூடியதாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது எது என்று மட்டும் கேட்கிறது. நோய் உறவைக் கெடுக்கிறது, கெட்ட உறவு நோயை வளர்க்கிறது என்னும் சுழலில் எந்த இடத்தில் கைவைத்தாலும் சுழல் தளரும் என்பதே அதன் நம்பிக்கை.

சிகிச்சை அறையில் நடப்பவை

ஐ.பி.டி. வாரத்துக்கு ஓர் அமர்வாக, பொதுவாக 12 முதல் 16 வாரங்களில் முடிந்துவிடுவது. இந்தக் கால எல்லை முதல் நாளே நோயாளிக்குச் சொல்லப்படுகிறது. முடிவில்லாமல் நீளும் சிகிச்சையில் எதையும் தள்ளிப்போட இடமுண்டு. நாள் குறிக்கப்பட்ட சிகிச்சையில், இந்த வாரமே ஒன்றைச் செய்து பார்க்கும் உந்துதல் இரு தரப்பிலும் பிறக்கிறது.

முதல் மூன்று அமர்வுகள் தொடக்கக் கட்டம். அறிகுறிகளை ஒவ்வொன்றாகக் கேட்டறிந்து, நோயின் பெயரை மருத்துவர் வெளிப்படையாகச் சொல்கிறார். ‘உங்களுக்கு இருப்பது சோம்பலோ பலவீனமோ இல்லை, மனச்சோர்வு என்ற நோய், இது குணமாகக்கூடியது, இது வந்தது உங்கள் குற்றமில்லை’ என்று சொல்லும் அந்த ஒரு கணமே பலருக்குப் பாதிச் சுமையை இறக்கி வைக்கிறது. சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் 1951இல் விளக்கிய ‘நோயாளி நிலை’ என்ற கருத்து இங்கே கையாளப்படுகிறது. காய்ச்சலில் கிடப்பவரிடம் ஊர் எப்படி வேலையை எதிர்பார்ப்பதில்லையோ, அப்படியே மனச்சோர்வில் இருப்பவரும் சில கடமைகளிலிருந்து தற்காலிக விடுப்புப் பெறத் தகுதியுடையவர்; அதே வேளையில் குணமடைவதற்கான முயற்சியில் பங்குகொள்ளும் பொறுப்பும் அவருக்கு உண்டு.

அடுத்ததாக உறவுக் கணக்கெடுப்பு நடக்கிறது. வாழ்வில் முக்கியமானவர்கள் யார் யார், அவர்களோடு எவ்வளவு அடிக்கடி பேசுகிறார், ஒருவரிடமிருந்து ஒருவர் எதை எதிர்பார்க்கின்றனர், எது நிறைவளிக்கிறது, எது உறுத்துகிறது, நோய் தொடங்கிய காலத்தில் அந்த உறவில் என்ன மாறியது என்று ஒவ்வொருவரைப் பற்றியும் நிதானமாகக் கேட்கப்படுகிறது. இதனோடு ஒரு காலக்கோடும் வரையப்படுகிறது. ஒரு பக்கம் அறிகுறிகள், மறுபக்கம் நிகழ்வுகள். தூக்கம் கெட்டது ஆடி மாதம் என்றால், ஆனியில் வீட்டில் என்ன நடந்தது என்பது கேள்வி. இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு, நான்கு வாசல்களில் எதன் வழியாக உள்ளே செல்வது என்று மருத்துவரும் நோயாளியும் சேர்ந்தே முடிவு செய்கின்றனர்.

நடுக்கட்டத்தின் ஒவ்வோர் அமர்வும் ஏறத்தாழ ஒரே கேள்வியோடு தொடங்குகிறது: போன முறை பார்த்த பிறகு எப்படி இருக்கிறீர்கள்? நோயாளி மனநிலையைச் சொன்னால், அந்த மனநிலையோடு சேர்ந்து நடந்த நிகழ்வு எது என்று சிகிச்சையாளர் கேட்பார். நிகழ்வைச் சொன்னால், அது மனநிலையை என்ன செய்தது என்று கேட்பார். வாரம் தவறாமல் இப்படிக் கேட்கப்படுவதால், தம் மனம் காரணமின்றி அலைக்கழிகிறது என்று நம்பியிருந்தவர், அதற்கும் தம் உறவுகளில் நடப்பவற்றுக்கும் உள்ள இழையைத் தாமே பிடிக்கக் கற்றுக்கொள்கிறார்.

இந்தக் கட்டத்தின் முதன்மையான கருவி உரையாடல் பகுப்பாய்வு. நான்கு மாதக் குழந்தையோடு, தூக்கமின்றி, மனச்சோர்வில் தவிக்கும் இளம் தாய் ஒருவரைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். ‘அவருக்கு என் மேல் அக்கறையே இல்லை’ என்கிறார் அவர். சிகிச்சையாளர் அந்த முடிவை ஏற்பதோ மறுப்பதோ இல்லை. கடைசியாக அவ்வாறு தோன்றிய தருணத்தை, நாடகக் காட்சியைப் போல வரிவரியாகச் சொல்லச் சொல்கிறார். வேலையிலிருந்து இரவு ஒன்பது மணிக்குத் திரும்பிய கணவர், ‘என்ன, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?’ என்று கேட்டிருக்கிறார். ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லிவிட்டு, கழுவிய பாத்திரத்தைச் சத்தம் கேட்கும்படி வைத்திருக்கிறார் மனைவி. கணவர் எழுந்து போய்ப் படுத்துவிட்டார். அந்தப் பாத்திரச் சத்தத்தில் மனைவி தம் களைப்பு முழுவதையும் சொல்லிவிட்டதாக எண்ணினார். கணவரோ அதை, தம்மைத் தனியே விடும்படி சொன்னதாக எடுத்துக்கொண்டிருக்கலாம். ‘நீங்க என்ன சொல்ல நினைச்சீங்க? நீங்க சொன்னதில அது இருந்துச்சா?’ என்று சிகிச்சையாளர் கேட்கும்போது, எதிர்பார்ப்பு சொல்லாக மாறவே இல்லை என்பது அந்தத் தாய்க்கு முதன்முறையாகத் தெரிகிறது.

அதற்குப் பிறகு, சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்க்கும் ஒத்திகை நடக்கிறது. சிகிச்சையாளர் கணவராக அமர்ந்துகொள்ள, அந்தத் தாய், ‘ராத்திரி நான் மட்டுமே எந்திரிச்சு எந்திரிச்சு உடம்பு ஓஞ்சுபோச்சுங்க. சனி, ஞாயிறு ரெண்டு ராத்திரியாவது குழந்தைய நீங்க பாத்துக்கிட்டா நான் தூங்குவேன்’ என்று பேசிப் பழகுகிறார். குற்றச்சாட்டு வேண்டுகோளாகவும், பொதுவான மனக்குறை நாளும் அளவும் குறித்த கோரிக்கையாகவும் மாறுவதை இதில் காணலாம். எந்த நேரத்தில் பேசுவது, அவர் மறுத்தால் அடுத்து என்ன சொல்வது என்பவையும் முன்கூட்டியே பேசப்படுகின்றன. ஒருவேளை கணவர் மறுத்துவிட்டாலும், பிணக்கு எந்த நிலையில் நிற்கிறது என்ற தெளிவு கிடைக்கிறது: இருவரும் இன்னும் பேசித் தீர்க்க முயல்கின்றனரா, பேச்சு முட்டுச்சந்தில் நின்றுவிட்டதா, அல்லது உறவே முடிந்துவிட்டதா என்ற மூன்றில் ஒன்று புலப்பட்டால், அடுத்த வாரத்தின் வேலை என்ன என்பதும் புலப்பட்டுவிடும்.

கடைசி இரண்டு மூன்று அமர்வுகள் விடைபெறுவதற்கு உரியவை. சிகிச்சையாளரோடு ஏற்பட்ட உறவும் ஓர் உறவே என்பதால், அது முடிவதில் உள்ள வருத்தம் பேசப்படுகிறது. அந்த வருத்தத்துக்கும் நோய்க்கும் உள்ள வேறுபாடு சுட்டப்படுகிறது. என்னென்ன மாறின, எவற்றை நோயாளி தாமே செய்தார், நோய் திரும்பினால் முதலில் தெரியும் அறிகுறி எது என்பவை தொகுத்துச் சொல்லப்படுகின்றன. குணமானதன் பெருமை சிகிச்சையாளரையன்றி நோயாளியையே சேர வேண்டும் என்பதில் இம்முறை உறுதியாக இருக்கிறது.

உகாண்டாவின் கிராமங்களில்

அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவமனையில் பிறந்த ஒரு முறை வேறு மண்ணில் வேர்பிடிக்குமா என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடை உகாண்டாவின் தென்மேற்கிலுள்ள ராகாய், மசாக்கா மாவட்டங்களிலிருந்து வந்தது. எய்ட்ஸ் நோயால் வீட்டுக்கு வீடு சாவு விழுந்திருந்த அந்தப் பகுதியில், மனநல மருத்துவர்கள் இல்லை. மாத்திரை வாங்கும் வசதியும் மக்களுக்கு இல்லை. பால் போல்டன் தலைமையிலான ஆய்வாளர்கள் முதலில் அங்குள்ள மக்களிடம் அவர்களுடைய துன்பங்களுக்கு அவர்களே வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டனர். தன்னையே வெறுத்தல், தன்னிரக்கம் என்னும் பொருள் தரும் இரண்டு உள்ளூர்ச் சொற்கள், மருத்துவ நூல்கள் மனச்சோர்வு என்று விவரிக்கும் நிலையோடு பெரிதும் ஒத்திருந்தன. நோய் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட பெயரன்று, அந்த மக்களே அறிந்திருந்த துன்பம் என்பது இதனால் உறுதியாயிற்று.

லீனா வெர்டெலி, கேத்லீன் கிளஹர்ட்டி ஆகியோர் ஐ.பி.டி.யை அந்த மண்ணுக்கு ஏற்பத் திருத்தினர். தனி ஒருவருக்கான சிகிச்சை குழுவுக்கான சிகிச்சையாயிற்று. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குழுக்கள் அமைந்தன. எல்லோரும் எல்லோரோடும் கூடி வாழும் கிராமத்தில் உறவு வறுமை என்ற நான்காம் வாசல் பொருந்தாது என்று கருதப்பட்டதால் அது விடப்பட்டது. எஞ்சிய மூன்றும் அன்புக்குரியவரின் சாவு, மனவேறுபாடு, வாழ்க்கை மாற்றம் என்று எளிய பெயர்களைப் பெற்றன. இறந்தவரைக் குறைகூறுவது தகாது என்ற வழக்கம் மதிக்கப்பட்டது. பெண்கள் கணவரிடம் முகத்துக்கு நேரே மனக்குறையைச் சொல்வது அங்கே பெரிதும் வழக்கமில்லை. உணவைச் சரியாகச் சமைக்காமல் வைப்பது போன்ற குறிப்புகளாலேயே கோபத்தை உணர்த்துவர். நேருக்கு நேர் பேசு என்று வற்புறுத்தாமல், உறவினரில் மதிப்புக்குரிய ஒருவரை இடையில் வைத்துப் பேசுவது போன்ற, அந்தச் சமூகம் ஏற்கும் வழிகளைக் குழுவினரே ஒருவருக்கொருவர் எடுத்துச் சொல்ல இடம் தரப்பட்டது.

குழுக்களை நடத்தியவர்கள் மருத்துவர்களோ உளவியலாளர்களோ அல்லர்; இரண்டு வாரத் தீவிரப் பயிற்சி பெற்ற உள்ளூர் மக்கள். 30 கிராமங்கள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஒரு பகுதிக் கிராமங்களில் வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரமாக 16 வாரங்கள் குழு கூடியது. மற்றவற்றில் வழக்கமான வாழ்க்கையே தொடர்ந்தது. 2003இல் வெளியான முடிவுகளின்படி, சிகிச்சைக்கு முன்பு 86 சதவீதத்தினர் மனச்சோர்வு நோய்க்கான வரையறைக்குள் இருந்த குழுக்களில், சிகிச்சைக்குப் பிறகு 6.5 சதவீதத்தினரே அவ்வாறு இருந்தனர். சிகிச்சை பெறாத கிராமங்களில் அந்த விகிதம் 94இலிருந்து 54.7 ஆக மட்டுமே குறைந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் பலன் பெரும்பாலும் நிலைத்திருந்தது.

இதன் தொடர்ச்சியாக, வடக்கு உகாண்டாவில் போரால் இடம்பெயர்ந்து முகாம்களில் வாழ்ந்த 14 முதல் 17 வயது வரையிலான இளையோரிடையே நடத்தப்பட்ட ஆய்வு 2007இல் வெளியானது. அதில் பெண்பிள்ளைகளிடத்தில் மனச்சோர்வு தெளிவாகக் குறைந்தது. ஆண்பிள்ளைகளிடத்தில் அத்தகைய பலன் காணப்படவில்லை. ஓரிடத்தில் வெற்றி பெற்றதாலேயே ஒரு முறை எல்லோருக்கும் பயன்படும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இந்த முடிவு சான்றாக நிற்கிறது. உலக சுகாதார நிறுவனம் கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு இணைந்து 2016இல் குழு ஐ.பி.டி.க்கான எளிய கையேட்டை வெளியிட்டதற்கு உகாண்டாவின் அனுபவமே வழிவகுத்தது.

கோவாவின் சுகாதார நிலையங்களில்

இந்தியாவிலும் இம்முறை சோதிக்கப்பட்டிருக்கிறது. கோவாவைச் சேர்ந்த சங்காத் என்ற தொண்டு நிறுவனமும் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலும் முன்னின்று நடத்திய மானஸ் ஆய்வு, 12 அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 12 தனியார் மருத்துவர்களின் கிளினிக்குகளிலும் நடந்தது. மனநலப் பட்டம் ஏதுமில்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் அந்த நிலையங்களில் பணியமர்த்தப்பட்டனர். அங்கு வந்தவர்களில் பலர் மனத்தைப் பற்றிச் சொல்லவே இல்லை. உடம்பு வலிக்கிறது, அசதியாக இருக்கிறது, தூக்கம் வரவில்லை என்றே சொன்னார்கள். ஆகவே ஆலோசகர்களும் நோயின் பெயரை முன்னே நிறுத்தாமல், மக்களிடையே புழங்கும் ‘டென்ஷன்’ என்ற சொல்லைக் கொண்டே பேச்சைத் தொடங்கினர்.

நோயின் கடுமைக்கேற்பப் படிப்படியாக உயரும் ஏணியாக அந்தத் திட்டம் அமைந்திருந்தது: முதலில் நோயைப் பற்றிய விளக்கமும் மூச்சுப்பயிற்சி போன்ற எளிய வழிகளும், தேவைப்பட்டால் மருந்தோ ஐ.பி.டி.யோ, அதற்கும் மேல் மனநல மருத்துவரின் நேரடிக் கவனிப்பு. 2010இல் வெளியான முடிவுகளில், அரசு நிலையங்களுக்கு வந்தவர்களுள் இத்திட்டத்தில் கவனிக்கப்பட்டோரில் 65.9 சதவீதத்தினர் ஆறு மாதத்தில் நோயிலிருந்து மீண்டிருந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றோரில் அது 42.5 சதவீதமாக இருந்தது. தனியார் கிளினிக்குகளில் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. இப்பலன் ஏணி முழுவதற்கும் உரியது, ஐ.பி.டி. என்ற ஒரு படிக்கு மட்டும் உரியதன்று. இருந்தபோதிலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில், வேலை நேரத்துக்குள், உள்ளூர் மனிதர் ஒருவரே இத்தகைய உரையாடலை நடத்த முடியும் என்பதை நம் நாட்டு மண்ணிலேயே நிறுவிய ஆய்வு என்ற வகையில் அதன் மதிப்புப் பெரிது.

எங்கே பயன்படும், எங்கே பயன்படாது

மனச்சோர்வுக்கென உருவான ஐ.பி.டி. பிறகு பல கிளைகளாக விரிந்தது. பதின்பருவத்தினருக்கேற்ற வடிவத்தை லாரா மஃப்சன் உருவாக்கினார். மனம் எழுச்சிக்கும் சோர்வுக்கும் மாறி மாறிச் செல்லும் இருமுனை நோய்க்கு, மருந்தோடு சேர்த்து, உறங்கும் உண்ணும் நேரங்களையும் ஒழுங்குபடுத்தும் முறையை எலன் ஃபிராங்க் வகுத்தார். மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வில், தாய்ப்பாலூட்டுவதால் மருந்தைத் தவிர்க்க விரும்பும் தாய்மாருக்கு இது முதன்மையான வழிகளுள் ஒன்றாக விளங்குகிறது. மீண்டவர்களுக்கு நோய் திரும்பாமலிருக்க மாதம் ஒருமுறை தொடரும் அமர்வுகளும் ஆராயப்பட்டுள்ளன. திரும்பத் திரும்ப மனச்சோர்வுக்கு ஆளான முதியோரிடையே பிட்ஸ்பர்க் நகரில் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், மருந்தும் ஐ.பி.டி.யும் சேர்த்துப் பெற்றவர்களில் 20 சதவீதத்தினருக்கும், மருந்து மட்டும் பெற்றவர்களில் 43 சதவீதத்தினருக்கும், இரண்டும் பெறாதவர்களில் 90 சதவீதத்தினருக்கும் நோய் மீண்டும் வந்தது.

எனினும் இதன் எல்லைகளும் தெளிவானவை. மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தில் இம்முறை பலன் தரவில்லை. பிரமைகளோடு கூடிய கடும் மனச்சோர்விலும், தற்கொலை எண்ணம் முற்றிய நிலையிலும் மருந்தும் உடனடி மருத்துவக் கவனிப்புமே முதலில் தேவை. உறவுகளைப் பற்றிய உரையாடல் அதன் பின்னரே வர வேண்டும். வன்முறை நிகழும் வீட்டில், பணிவாகக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்வது நோயாளியை ஆபத்தில் தள்ளுவதாகிவிடும். அங்கே பாதுகாப்பே முதல் கேள்வி. பிணக்கு என்பது இருவரின் எதிர்பார்ப்பு வேறுபாடு. கொடுமை என்பது வேறு. இந்த வேறுபாட்டைக் கண்டறியும் பயிற்சி இல்லாதவர் கையில் இம்முறை தீங்காகவும் முடியலாம். உள்ளூர் மக்களும் இதை நடத்த முடியும் என்பதற்கு யாரும் நடத்தலாம் என்பது பொருளன்று. கையேட்டையும் பயிற்சியையும் தொடர்ந்து வழிநடத்தும் மூத்த சிகிச்சையாளரின் மேற்பார்வையையும் உகாண்டாவிலோ கோவாவிலோ ஒருவரும் கைவிடவில்லை.

நோயில் தவிப்போர் தாமே முன்வந்து உதவி கேட்பது எளிதன்று. இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண்ணான 14416ஐ அழைத்துத் தமிழிலேயே பேச முடியும். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளையும் அணுகலாம். அங்கே செல்வோர் எல்லோருக்கும் ஐ.பி.டி. கிடைத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் நோயாளியின் கையில் மருந்துச் சீட்டைக் கொடுப்பதற்கு முன், ‘இது எப்போது தொடங்கியது, அப்போது வாழ்வில் என்ன நடந்தது’ என்ற இரண்டு கேள்விகளைக் கேட்பதற்கும், விடையைக் காது கொடுத்துக் கேட்பதற்கும் எந்த மருத்துவருக்கும் தடையில்லை. அந்தக் கேள்விகள் கேட்கப்படும் இடத்தில், நோயாளி அறிகுறிகளின் தொகுப்பாகப் பார்க்கப்படாமல், ஒரு தாயாக, ஒரு மகனாக, வேலையை இழந்தவராக, துணையைப் பறிகொடுத்தவராகப் பார்க்கப்படுகிறார்.

உகாண்டா ஆய்வில் 16 வாரங்கள் முடிந்து, குழுவை நடத்தியவர்கள் விடைபெற்றுச் சென்ற பிறகு நடந்த ஒன்று ஆய்வாளர்களின் திட்டத்தில் இல்லாதது. பல குழுக்கள் கலையவில்லை. நடத்துபவர் இல்லாமலேயே தம் போக்கில் தொடர்ந்து கூடின. நோயைத் தீர்ப்பதற்காகக் கூட்டப்பட்டவர்கள், நோய் தணிந்த பின்னும் ஒருவரையொருவர் விட்டுப் பிரியாமலிருந்தார்கள்.